கழுத்தில் ஒரு துண்டு

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்று கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கழுத்தே குளிரைச் சொல்லிவிடும். காதோடு சேர்த்துச் சுற்றிய மப்ளர், அதன்மேல் அடையாள அட்டை தொங்கும் டேக். ரோஜா மூட்டை இறக்கும் விவசாயியின் கழுத்தில் துண்டு.

மூன்றில் துண்டுதான் எனக்கு உசத்தி. வியர்வை துடைக்கும், சும்மாடாகும், பஸ்ஸில் இடம் பிடிக்கும். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் அதற்கு வேலையில்லை. சுழலும் சக்கில் நுனி சிக்கினால், துணி கிழியும் முன் ஆளை இழுத்துவிடும். மப்ளரும் துப்பட்டாவும் அப்படித்தான். நல்ல டேக்கில் மட்டும் பிடரிப் பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். வெடுக்கென்று இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும். யாரோ ஒருவரின் கழுத்தை நினைத்துச் செய்த வேலை அது!

எல்லா டேக்கிலும் அது இருப்பதில்லை. உங்கள் பிடரியை ஒருமுறை தடவிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மெஷின் பக்கம் போகும்போது டேக்கையும் கழற்றி வைத்துவிடுங்கள்.