புதுமையும் பண்டமும்: ‘ஸ்ட்ரீட் பைட்டர்’ தொடரை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நூலினின்று பிறந்த மற்றொரு நூலை எவ்வாறு வகைப்படுத்துவது என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் உடையதாய் வருவது வழிநூல்; முன்னவற்றோடு ஒருசிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். இப்பகுப்பு எழுந்த காலத்தில் நூல் சந்தைப் பண்டமாக இருக்கவில்லை. ஆதலின் வேறுபாட்டை வேண்டியவன் யார், எந்த நோக்கங் கருதி வேண்டினான் என்னும் வினாக்களும் அன்று எழவில்லை. இன்றோ திரைப்படம், நாவல், கணினி விளையாட்டு ஆகியன இலக்கமிட்ட தொடர்களாக வெளிவருகின்றன. ஒவ்வோர் இலக்கமும் புத்தம் புதியது என்னும் விளம்பரத்துடனேயே கடைக்கு வருகின்றது.

இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் துறை சண்டை விளையாட்டு என்னும் வீடியோ விளையாட்டு வகையாகும். இருவர் ஒரே திரையின் முன் அமர்ந்து, ஆளுக்கொரு வீரனை இயக்கிப் பொருதுவது இதன் அடிப்படை. கதை பெயரளவிலேயே உண்டு. களம் ஒரு திரையகலத்தைப் பெரிதும் விஞ்சுவதில்லை. ஆகவே ஒரு தொடர்ச்சிப் படைப்பில் மாறுவன யாவும் கண்ணுக்குப் புலப்படாத சிறு விதிகளாகவே இருத்தல் கூடும். இத்தகைய ஒன்றைப் புதிய விளையாட்டு எனக் கொள்ளலாமா? யப்பானிய நிறுவனமான கப்கொம் 1987 முதல் வெளியிட்டுவரும் ‘ஸ்ட்ரீட் பைட்டர்’ தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இவ்விடயத்தில் இரு நிலைப்பாடுகள் வழக்கிலுள்ளன. ஒன்று விளம்பரத்தின் நிலைப்பாடு: இலக்கம் மாறினால் விளையாட்டும் மாறிவிட்டது. மற்றையது அதற்கு நேர் எதிரானது: இவையனைத்தும் ஒரே சரக்கின் மேல் ஒட்டப்பட்ட வெவ்வேறு சீட்டுகள், இலாபத்தின் பொருட்டு வெளிவருவதில் புதுமை எதுவும் இராது. இரண்டாவது நிலைப்பாடு முற்போக்கானதுபோலத் தோன்றுவதால், அதன் குறைபாட்டை இங்கு சுட்டிக்காட்டுதல் அவசியமாகின்றது. ஒரு பொருள் பண்டமாக உற்பத்தியாகின்றது என்பது அதன் பயன்மதிப்பை இல்லாததாக்கிவிடாது. நாவல் என்னும் வடிவமே அச்சு முதலாளித்துவத்தின் சந்தையில் வளர்ந்ததாகும். அக்காரணம் பற்றி எந்த நாவலையும் நாம் வெறுஞ் சரக்கெனத் தள்ளிவிடுவதில்லை. பொருளாதார அடிப்படையைச் சுட்டியதோடு ஆய்வு முடிந்துவிட்டதெனக் கருதுவது கொச்சை மார்க்சியமாகும். விளம்பரக்காரரும் கொச்சை மார்க்சியரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: இரு சாராருமே விளையாட்டினுள் நிகழ்வதை நோக்குவதில்லை.

2

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1987இல் வெளிவந்த முதலாவது ‘ஸ்ட்ரீட் பைட்டர்’ ஆட்டக்காரருக்கு ரியு, கென் என்னும் இருவரை மட்டுமே அளித்தது. சிறப்பு அடிகள் அதிலும் இருந்தன. ஆயினும் அவற்றை நினைத்தபடி செய்வது அரிதாகவே இருந்தது. அதனை உருவாக்கிய தகஷி நிஷியாமா, ஹிரோஷி மட்சுமோட்டோ ஆகிய இருவரும் பின்னர் எஸ்.என்.கே. நிறுவனத்திற்குச் சென்று, 1991இல் ‘பேட்டல் பியூரி’ என்னும் விளையாட்டை ஆக்கினர். அதே 1991இல், அகிரா நிஷிதானி, அகிரா யசுடா ஆகியோரின் வடிவமைப்பில் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ வெளிவந்தது. எட்டு வீரர்களுள் ஒருவரைத் தெரிவுசெய்யலாம். ஒவ்வொருவரின் எட்டும் தூரமும் வேகமும் அடியும் வேறுவேறானவை. முதலாவது விளையாட்டில் விதையளவில் இருந்த யாவும் இங்கு ஒழுங்கமைந்து, இருவர் ஒருவரையொருவர் கணித்துப் பொருதும் முறைமையாக வளர்ச்சியுற்றன. அளவு மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டுகையிற் பண்பு மாற்றமாகின்றது என்னும் இயங்கியல் விதிக்கு இதனினும் எளிய உதாரணம் காண்பது அரிது.

இதன்பின் மூன்றாண்டுகளுக்குள் நான்கு மறுபதிப்புகள் வெளிவந்தன. 1992இல் ‘சம்பியன் எடிசன்’, அதே ஆண்டின் இறுதியில் ‘ஹைப்பர் பைட்டிங்’, 1993இல் ‘சுப்பர் ஸ்ட்ரீட் பைட்டர் 2’, 1994இல் ‘சுப்பர் ஸ்ட்ரீட் பைட்டர் 2 டேர்போ’ என்பன அவை. ‘3’ என்னும் இலக்கம் 1997 வரை வரவில்லை. இம்மறுபதிப்புகளின் சந்தை வரலாறு சுவையானது. சுப்பர் நின்டெண்டோ என்னும் வீட்டு விளையாட்டுப்பெட்டிக்கென வெளிவந்த பதிப்புகளில், 1992இன் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ 63 இலட்சமும், 1993இன் ‘டேர்போ’ 41 இலட்சமும், 1994இன் ‘சுப்பர்’ 20 இலட்சமும் விற்பனையாயின. இவ்வீழ்ச்சிக்குப் போட்டி நிறுவனங்களின் வெளியீடுகள் முதலிய பிற காரணங்களும் இருத்தல் கூடும். எனினும் புதுமையென்னும் பெயர் மீள மீள விற்கப்படுகையில் அதன் மதிப்புத் தேய்கின்றது என்பதற்கு இவ்வெண்கள் சான்றாக அமைகின்றன எனலாம்.

3

அப்படியாயின் உண்மையான புதுமையை எவ்வாறு இனங்காண்பது? சண்டை விளையாட்டின் உள்ளடக்கம் அதன் ஓவியமோ கதையோ அன்று. இரு ஆட்டக்காரருக்கிடையே நேரம், தூரம், துணிவு ஆகியவற்றால் அமையும் உறவே அதன் உள்ளடக்கமாகும். அவ்வுறவை மாற்றியமைப்பது எதுவோ அதுவே புதிய விளையாட்டு. சதுரங்கத்தின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில், ஒரு கட்டம் மட்டுமே மூலைவாட்டில் நகர்ந்துவந்த காய் பலகை முழுவதும் எத்திசையிலும் பாயும் அரசியாயிற்று. அறுபத்து நான்கு கட்டங்களும் காய்களின் தொகையும் மாறவில்லை. ஆயினும் ஆட்டம் வேறாயிற்று. இலக்கமெதுவும் இடாமலே அது இரண்டாவது சதுரங்கமாயிற்று.

இவ்வளவுகோலைக் கொண்டு மேற்கூறிய மறுபதிப்புகளை நோக்கினால், விளம்பரம் தந்த வரிசை குலைந்துவிடுகின்றது. ‘சம்பியன் எடிசன்’ செய்த மாற்றங்களுள் முதன்மையானது, இருவரும் ஒரே வீரனைத் தெரிவுசெய்ய இடமளித்தமையாகும். அதற்கு முன்னர் தோற்றவன் தன் வீரனின் வலுக்குறைவைக் காரணங் காட்டலாம். இப்பொழுது கருவி சமமானமையால் ஆற்றல் மட்டுமே எஞ்சியது. ‘ஹைப்பர் பைட்டிங்’ வேகத்தைக் கூட்டிச் சிந்திக்கும் நேரத்தைச் சுருக்கியது; சுன்-லீக்கு எறிபடையையும் டல்சிமுக்கு மறைந்து தோன்றும் ஆற்றலையும் அளித்ததன் மூலம் சில இணைகளிடையே நிலவிய தூரக் கணக்கையும் மாற்றியது. ‘சுப்பர்’ பதிப்போ புதிய மின்சுற்றுப் பலகை, புதிய ஓவியம், நான்கு புதிய வீரர் எனப் பெருஞ் செலவில் வந்தது. எனினும் வேகத்தைக் குறைத்துப் பழைய உறவையே விரிவுபடுத்தியது. கண்ணுக்கு மிகப் புதியதாய்த் தோன்றிய இதுவே விதியளவில் மிகப் பழையதாய் இருந்தது. மாறாக ‘சுப்பர் டேர்போ’, மோதலின்போது சிறிது சிறிதாக நிரம்பும் ஓர் ஆற்றல்மானியைப் புகுத்தியது. அது நிரம்பியதும் பேரடி ஒன்றைப் பயன்படுத்தலாம். இதனால் ஒரு சுற்றின் முற்பகுதியில் நிகழ்ந்தவை பிற்பகுதியிற் பலன் தரலாயின; சுற்றுக்கு நினைவு என ஒன்று உண்டாயிற்று. பெயரளவில் நான்காவது மறுபதிப்பான இது, பண்பளவில் அடுத்த இலக்கத்திற்கு உரியதெனலாம். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் இப்பதிப்பு தனித்துப் போட்டிகளில் ஆடப்பட்டமை தற்செயலானதன்று.

4

இப்புதுமைகளை ஆக்கியோர் யார் என்பது அடுத்து எழும் வினா. நிறுவனமே என விடைகூறுவது எளிது. ஆனால் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’இன் மிகப் பெரும் பேறாகிய தொடர் அடி, அதாவது எதிரி மீளுமுன் ஓரடியோடு மற்றோரடியைப் பிணைக்கும் உத்தி, முன்கூட்டித் திட்டமிடப்பட்டதன்று. வெளியீட்டுக்கு முன்னர் சோதனையின்போது கண்டறியப்பட்டு, நீக்கப்படாது விடப்பட்டது. அதனை ஒரு கலையாக வளர்த்தெடுத்தோர் விளையாட்டுக்கூடங்களில் நாணயம் இட்டு நின்ற இளைஞர்களே. 1993இன் பதிப்பு தொடர் அடிகளுக்குப் புள்ளியளித்தபோது, மக்கள் நடைமுறையில் முன்னரே நிலவியதொன்றை நிறுவனம் சட்டமாக எழுதிக்கொண்டது, அவ்வளவே. ‘ஹைப்பர் பைட்டிங்’ தோன்றிய வரலாறும் இத்தகையதே. ‘சம்பியன் எடிசன்’ பலகைகளை அனுமதியின்றி மாற்றியமைத்து, வேகம் கூட்டி, வானில் நின்றும் எறிபடை எறியவிட்ட போலிப் பதிப்புகள் அமெரிக்கக் கூடங்களிற் பரவின. வேகத்திற்கான வேட்கையை நிறுவனம் அறிந்துகொண்டது இப்போலிகளின் வாயிலாகவே.

உடைமை பற்றிய முரண்பாடு இங்கு வெளிப்படுகின்றது. சிறு மாற்றஞ் செய்த தன் பதிப்புகளைப் புதியனவென்று விற்ற கப்கொம், டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் ‘பைட்டர்ஸ் ஹிஸ்டரி’ தன்னுடையதன் நகலென அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. கலிபோர்னியா வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் 1994இல் இடைக்காலத் தடையை மறுத்தது. ஒப்புமைகளுட் பெரும்பாலானவை அவ்வகை விளையாட்டுக்கே பொதுவானவையென்றும், பொதுமரபு எவருக்கும் தனியுடைமையாகாதென்றும் அதன் தீர்ப்பிலிருந்து நாம் கொள்ளலாம். வழிநூல் மரபினை அறிந்தோருக்கு இக்கருத்து வியப்பளிக்காது.

5

சந்தையின் தீர்ப்பும் திறனாய்வின் தீர்ப்பும் வேறுபடுவதற்கு 1997இன் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 3’ சிறந்த சான்றாகும். பழைய வீரர்களுள் ரியு, கென் இருவர் மட்டுமே அதில் இடம்பெற்றனர். அதன் சாரம் தட்டிவிலக்கல் என்னும் விதியில் அடங்கியுள்ளது. அதற்கு முன்னர் தொலைவிலிருந்து எறிபடை எறிபவனே களத்தை ஆண்டான். எதிரி தாவவேண்டும், அன்றேல் தடுத்துச் சிறிது வலுவை இழக்கவேண்டும். இப்பொழுதோ அடி வந்து தாக்கும் கணத்தில் முன்னோக்கிக் கைப்பிடியைத் தட்டினால் எவ்விழப்புமின்றி விலக்கிவிடலாம். ஆண்டவனே ஆபத்துக்குள்ளானான், இருபுற உறவும் தலைகீழாயிற்று. இதனைப் புதிய விளையாட்டென்று கூறத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் இலக்கத்தின் வணிக வெற்றியை அது எட்டவில்லை. 1999இன் ‘தேர்ட் ஸ்ட்ரைக்’ பதிப்பில் சுன்-லீ மீண்டும் அழைத்துவரப்பட்டாள். 2008இன் நான்காம் இலக்கமோ இரண்டாம் இலக்கத்தின் பன்னிரு வீரரையும் ஒருங்கே முன்னிறுத்தியது. புதிய விதிகள் அதில் இருந்தபோதிலும், நினைவேக்கமே விற்பனையின் முகப்பாயிற்று. சந்தை தன் விளம்பரத்தில் வேண்டி நிற்பது புதுமையை; தன் கணக்கில் அஞ்சுவதும் புதுமையையே.

‘தேர்ட் ஸ்ட்ரைக்’கை வாழவைத்தோர் ஆட்டக்காரரே. வெளிவந்து ஐந்தாண்டுகள் கழிந்து, 2004இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற ‘ஈவோ’ போட்டியில், ஒரேயோரடியில் வீழும் நிலையிலிருந்த டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வொங் தொடுத்த பேரடியின் ஒவ்வொரு வீச்சையும் தட்டிவிலக்கி வென்ற சுற்று, இத்துறையிற் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சியாயிற்று. விதி ஒன்றினுள் என்னென்ன உறைந்து கிடக்கின்றன என்பதை அதன் ஆக்கியோருக்கும் காட்டுவது பயிற்சியே.

6

இப்பயிற்சி பல்லாயிரம் மணிநேர உழைப்பின் திரட்சியாகும். இது கூலியுழைப்பன்று, எனினும் புதிய பதிப்பொன்று வருகையில், புதிய இயந்திரத்தின் முன் கைவினைஞனின் திறன்போல, இதன் ஒரு பகுதி மதிப்பிழக்கின்றது. கூடங்களின் காலத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. பழைய பலகை எங்கேனும் ஒரு மூலையிற் கிடக்கும். புதியதை ஏற்பதா, பழையதிலேயே நிலைப்பதா என்பதைச் சமூகம் தானே தீர்மானித்தது. 2016இல் வெளிவந்த ஐந்தாம் இலக்கத்துடன் இந்நிலை மாறியது. விதிமாற்றங்கள் வலையமைப்பின் வழியே வந்து சேர்ந்தன. மறுபதிப்பைத் தனியே வாங்கவேண்டிய சுமை நீங்கியமை நன்மையே. ஆனால் மாற்றத்தை ஏற்காதவன் பிறரோடு இணையவழி ஆட முடியாது. 2023இன் ஆறாம் இலக்கத்திலும் இம்முறையே தொடர்ந்தது. முன்பு புதிய பதிப்பு பழையதன் அருகே வைக்கப்பட்டது; இன்று பழையதன் மேல் எழுதப்படுகின்றது.

இதன் விளைவு பாரதூரமானது. கம்பனின் வேறுபாட்டை நாம் மதிப்பிட முடிவது வான்மீகத்தின் பாடமும் நம் கையில் இருப்பதனாலேயே. முதல்நூல் அழிக்கப்பட்ட இடத்தில் வழிநூலின் புதுமையை அளக்க இயலாது. நிறுவனத்தின் சொல்லை நம்புவதொன்றே எஞ்சும். எனவே ஒரு தொடர்ச்சி புதிய விளையாட்டா என்னும் வினா வெறும் பெயர்வழக்குப் பற்றியதன்று. அத்தீர்ப்பை வழங்கும் உரிமை யாருக்குரியது என்பது பற்றியதாகும். அவ்வுரிமை விளையாடுவோருக்கு உரியதாயின், ஒவ்வொரு பதிப்பும் ஆடத்தக்க நிலையிற் பேணப்படல் வேண்டும். ஆவணக்காப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் ஆட்டக்காரர் சங்கங்களும் நிறுவனங்களிடம் முன்வைக்கவேண்டிய முதற் கோரிக்கை இதுவே.