ஆங்கில இறந்தகாலத்தின் நுட்பம்

'வென் ஹீ அரைவ்ட்' என்னும் ஆங்கிலத் தொடரை அடுத்து 'ஷீ லெஃப்ட்' என வந்தால் அவன் வந்ததும் அவள் கிளம்பினாள் என்றும், 'ஷீ வாஸ் லீவிங்' என்றால் அவன் வந்த வேளையில் கிளம்பிக்கொண்டிருந்தாள் என்றும், 'ஷீ ஹேட் லெஃப்ட்' என்றால் அவன் வருமுன்பே போய்விட்டிருந்தாள் என்றும் பொருள்படுவதால், இருவரும் சந்தித்தார்களா என்பதையே ஒரு சிறு துணைவினை தீர்மானித்துவிடுகிறது. இவற்றினும் ரசிக்கத்தக்கது, முடிந்த செயலை நிகழ்காலத்தோடு பிணைக்கும் 'ஹேவ்' வடிவமாகிய நிகழ்கால முற்று: 'ஷீ லிவ்ட் இன் லண்டன் ஃபார் டென் இயர்ஸ்' என்பது அவள் இப்போது அங்கில்லை என்று உணர்த்த, 'ஹேஸ் லிவ்ட்' என்பதோ அவள் இன்னும் அங்கேயே வாழ்வதாகப் பெரும்பாலும் கொள்ளப்படும். 1955இல் மறைந்த ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனில் வாழ்ந்ததை இம்முற்று வடிவில் எழுதினால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் செவிக்கு அது உறுத்தும்.