மூட்டு எங்கே என்று கேட்கும் மென்பொருள்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எஃபெக்ட்ஸ் மெனுவில்தான் தொடங்குகிறார்கள். பெயரே அப்படித்தானே அழைக்கிறது. தீப்பொறி, புகை, ஒளிவட்டம் என்று ஒரு வாரம் ஓடிவிடும். லேயர் லேயராக வரைந்த ஒரு படத்துக்கு அசைவு கொடுப்பதுதான் நோக்கம் என்றால், அந்த மெனுவைத் திறக்கவே வேண்டியதில்லை. 1993இல் முதலில் வெளிவந்து, 1994இல் அடோபியின் கைக்கு வந்த இந்த மென்பொருளில் இந்த வேலைக்கு உதவும் கருவிகள் ஐந்தாறுதான். அவற்றை வைத்துப் பார்த்தால், பழகுநருக்கு இது ஒரு நல்ல வாத்தியார். ஆனால் பாடத்தில் பாதி இதைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வாசலில் நின்று கையசைக்கும் ஒரு பாட்டியின் படத்தை எடுத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் வீடு, உடல், தலை, மேல்கை, முன்கை, உள்ளங்கை எல்லாம் தனித்தனி லேயர்களாக இருக்க வேண்டும். தோல்பாவையின் கையைத் தனித் துண்டாக வெட்டி மூட்டில் கோப்பதுபோலத்தான். முழங்கையில் இரு துண்டுகளும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முனை உருண்டையாக இருக்க வேண்டும். நேர்கோட்டில் நறுக்கியிருந்தால் கை மடங்கும்போது இடைவெளி பல்லைக் காட்டும். கைக்குப் பின்னால் மறைந்திருந்த சேலையையும் வரைந்து நிரப்பியிருக்க வேண்டும். கோப்பை இறக்குமதி செய்யும்போது லேயரின் அளவைத் தக்கவைக்கும் தேர்வைச் சொடுக்காவிட்டால், எல்லா லேயர்களும் திரையளவு பெரிதாகி, எல்லாவற்றின் அச்சுப்புள்ளியும், அதாவது லேயர் சுழலும் மையமும், படத்தின் நட்டநடுவில் போய் உட்காரும். பிறகு போட்டோஷாப்பில் சேலையின் நிறத்தை மாற்றிச் சேமித்தால் இங்கேயும் மாறிவிடுவது பெரிய வசதி. ஆனால் அங்கே புதிதாகச் சேர்த்த லேயர் தானாக இங்கே வந்து சேராது.

இந்த மென்பொருள் உண்மையில் சொல்லிக்கொடுப்பது ஆங்கர் பாயின்ட் என்ற அந்த அச்சுப்புள்ளியில்தான். சரியாக இறக்குமதி செய்த முன்கையிலும் அது துண்டின் நடுவில்தான் இருக்கும். அப்படியே சுழற்றினால் கை, மின்விசிறி இறக்கைபோல நடுவிலிருந்து சுற்றும். டைம்லைனில் எண்ணை மாற்றிப் புள்ளியை நகர்த்தப் பார்த்தால் படமே இடம்பெயர்ந்துவிடும். ஒய் விசையில் கிடைக்கும் கருவியால் இழுத்தால்தான் படம் அசையாமல் புள்ளி மட்டும் முழங்கைக்குப் போகும். அதன் பிறகு சுருள்வடிவக் குறியைப் பிடித்து இழுத்து, உள்ளங்கைக்கு முன்கையையும் முன்கைக்கு மேல்கையையும் பேரன்டாக, அதாவது தாய் லேயராக, இணைக்க வேண்டும். மேல்கையைத் தூக்கினால் மற்ற இரண்டும் கூடவே எழும். எது எதைச் சார்ந்து அசைகிறது என்று யோசிக்காமல் ஒரு அடிகூட வைக்க முடியாது. இந்தக் கட்டாயம்தான் இதன் பலம்.

அடுத்தது நேரம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்து, தொடக்கத்தில் ஒரு கீஃபிரேம் (அந்த நேரத்தில் கை இருக்கும் நிலையைக் குறிக்கும் புள்ளி), 12ஆவது ஃபிரேமில் 30 டிகிரி என்று இன்னொன்று போட்டால் கை உயர்கிறது. ஆனால் சுங்கச்சாவடிக் கம்பம்போல உயர்கிறது. எஃப்9 அழுத்தினால் தொடக்கமும் முடிவும் மெதுவாகும். அதோடு உள்ளங்கையின் கீஃபிரேம்களை மட்டும் இரண்டு ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால், மணிக்கட்டு சற்றுத் தாமதமாகத் தொடர்கிறது. அங்கேதான் பாட்டிக்கு உயிர் வருகிறது. இதில் எஃபெக்ட் என்று எதுவும் கிடையாது. 2007இல் சேர்ந்த பப்பட் கருவியும் சேலை முந்தானைபோல வளைகிற பொருள்களுக்குத்தான் பொருந்தும்; மூட்டு வேண்டிய இடத்தில் அதைக் குத்தினால் கை ரப்பராகிவிடும். லேயர்களை முன்னும் பின்னுமாக நிறுத்திக் கேமராவை நகர்த்தும் வசதியும், டிஸ்னி 1937இல் ‘தி ஓல்ட் மில்’ குறும்படத்தில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிப் படமெடுத்த அதே யோசனைதான்.

குறைகளும் சிறியவை அல்ல. அடோபி குறைந்தபட்சமாகக் கேட்பதே 16 ஜிபி ராம். வேலை கனத்துவிட்டால் உடனடியாக ஓட்டிப் பார்க்க முடியாது. டைம்லைன் மேல் பச்சைக் கோடு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். நேரத்தைச் செவிக்கும் கண்ணுக்கும் பழக்க வேண்டிய மாணவருக்கு இந்தக் காத்திருப்பு உண்மையான இடைஞ்சல். விலை கொடுத்து ஒரேயடியாக வாங்கவும் முடியாது, சந்தாதான். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வில் உள்ள ஃபியூஷன் போதாதா என்று கேட்பது நியாயமே. போதும், ஆனால் அது லேயர்களை அடுக்காகக் காட்டாமல் நோடுகளின் வலையாகக் காட்டுகிறது. போட்டோஷாப்பில் அடுக்கிப் பழகிய கண்ணுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டைம்லைன் உடனே புரியும், ஃபியூஷன் புரிய நாளாகும்.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே படத்தை அசைத்துத் தரும்போது கீஃபிரேம் எதற்கு? ஒரு தடவை அசைந்தால் போதும் என்பவருக்கு அது தேவையில்லைதான். ஆனால் “கை அப்படியே இருக்கட்டும், உள்ளங்கை மட்டும் கொஞ்சம் மெதுவாக” என்று வாடிக்கையாளர் சொன்னால், இங்கே இரண்டு புள்ளிகளை நகர்த்தினால் வேலை முடிந்தது. அங்கே காட்சி முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டிவரும். சேலைக் கரை பழையபடியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஆகவே முதல் நாளே சந்தா கட்ட வேண்டாம். பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கத் தெரிந்த இலவசக் கிரிட்டாவில் ஒரு படத்தை மூட்டு மூட்டாக வெட்டி, மறைந்த இடங்களை நிரப்பப் பழகுங்கள். அது கைவந்த பிறகு ஒரே ஒரு மாதத்துக்கு எடுங்கள். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டமும் பக்கத்திலேயே இருக்கும். அதை மாதச் சந்தா என்று நினைத்துச் சொடுக்கிவிடாதீர்கள். நன்றாக வெட்டிய படத்துக்கு அந்த ஒரு மாதம் தாராளம்.