சந்திப்புக்கு ஆயத்தம்: ஆமோஸ் 4:12 பற்றிய ஓர் ஆய்வு

ஆமோஸ் ஆகமம் நான்காம் அதிகாரத்தின் பன்னிரண்டாம் வசனம் நம் திருச்சபைகள் நன்கு அறிந்த ஒன்றாகும். கடவுளைச் சந்திக்க ஆயத்தமாகும்படி அழைக்கும் அதன் இறுதிப் பகுதி சுவர்களிலும் பாறைகளிலும் எழுதப்படுகிறது. நற்செய்திக் கூட்டங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் அருளுரைக்கு ஆதாரமாகிறது. அவ்விடங்களில் அதற்குத் தரப்படும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: மரணம் எவ்வேளையிலும் வரலாம், ஆகவே ஒவ்வொருவரும் தம் ஆத்துமாவைக் குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும். இப்போதனை திருமறைக்கு முரணானதன்று. ஆயினும் ஆமோஸ் இவ்வசனத்தில் கூறுவது இதுதானா என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

முதலாவதாக, அழைக்கப்படுவோர் யார்? ‘உன்’ என்ற ஒருமைச் சொல்லைக் கேட்டதும் தனிமனிதர் தம்மையே எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் இவ்வசனம் இஸ்ரவேல் என்ற பெயரை இருமுறை கூறி விளிக்கிறது. 6 முதல் 11 வரையுள்ள வசனங்கள் மக்களைப் பன்மையில் நோக்கிப் பேசுகின்றன. 12-ஆம் வசனம் ஒருமைக்கு மாறுகிறது. எபிரெய மூலத்திலுள்ள இம்மாற்றத்தைத் தமிழ் வேதாகமமும் காத்துள்ளது. சமுதாயம் முழுவதும் ஒரே ஆளாகக் கடவுளுக்கு முன் நிறுத்தப்படுகிறது. சுவரில் எழுதுகையில் நாம் விட்டுவிடுவது அந்தப் பெயரையே.

அந்த இஸ்ரவேல் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் செழித்திருந்த வட நாடு. சமாரியாவில் 1930-களில் நடந்த அகழாய்வில் கிடைத்த தந்தச் செதுக்குகள், தந்த வீடுகளையும் (3:15) தந்தக் கட்டில்களையும் (6:4) பற்றித் தீர்க்கதரிசி கூறியவற்றை நமக்கு நினைவூட்டுகின்றன. ஒரு சோடி பாதரட்சைக்கு எளியவன் விற்கப்பட்டதும் (2:6), செல்வச் சீமாட்டிகள் ஏழைகளை நசுக்கியதும் (4:1) அதே நாட்டில்தான். பெத்தேலிலும் கில்காலிலும் பலிகளும் தசமபாகங்களும் குறைவின்றி நடைபெற்றன (4:4-5). ஆராதனையில் குறைவில்லை, நியாயத்திலேயே குறைவு.

அதன்பின் பஞ்சம், வறட்சி, பயிர் அழிவு, கொள்ளைநோயும் போரும், சோதோமின் கதிக்கு ஒப்பான அழிவு என ஐந்து பேரிடர்கள் கூறப்படுகின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் மக்கள் கர்த்தரிடம் திரும்பவில்லை என்ற துயரம் மீண்டும் ஒலிக்கிறது. ஆறாவதாக வருவது எது? ‘இப்படிச் செய்வேன்’ எனும் பொருள்பட வசனம் தொடங்குகிறதேயன்றி, எப்படி என்று கூறுவதில்லை. வருகிறவர் இன்னார் என்பது மட்டுமே கூறப்படுகிறது.

இச்சந்திப்பு எத்தன்மையது என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். ஆயத்தப்படு என்பதற்குரிய ‘ஹிக்கோன்’ என்ற சொல் எசேக்கியேல் 38:7-இல் போருக்கு ஆயத்தமாகும்படி கோகுக்கு இடப்படும் கட்டளையில் வருகிறது. எதிர்கொள்ளுதலைக் குறிக்கும் ‘லிக்ரத்’ என்பதும் பகைவரை எதிர்த்துச் செல்வதற்கு வழங்கும் (1 சாமுவேல் 4:1). ஆகவே, கடவுள் பகைவராக வருகிறார் என்பர் ஒரு சாரார். மறுபுறம், சீனாய் மலையடியில் மக்கள் ஆயத்தமாகிக் கடவுளை எதிர்கொள்ளச் சென்றதைக் கூறும் யாத்திராகமம் 19-இலும் இவ்விரு வேர்ச்சொற்களும் உள்ளன. இதனடிப்படையில் வால்டர் புரூகமன் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை உடன்படிக்கைப் புதுப்பித்தலுக்கான அழைப்பாக விளக்கினார். எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்போ, சந்திப்பதற்குப் பதிலாகக் கடவுளைக் கூவி அழைக்க ஆயத்தப்படும்படி கூறுகிறது. இவ்வசனத்தின் கடுமை அன்றே மொழிபெயர்ப்பாளரைத் தயங்கச் செய்தது போலும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொள்வது தகாது என்பது நம் கருத்து. முன்னுள்ள ஐந்து பேரிடர்களையும் மறந்து இதனை ஆராதனை அழைப்பாக மட்டும் கொண்டால், பெத்தேலின் மனநிறைவுக்கே நாம் திரும்பிவிடுவோம். தண்டனைத் தீர்ப்பாக மட்டும் கொண்டாலோ, ஆயத்தப்படு என்ற ஏவலுக்குப் பயனில்லாமற்போகும். தப்ப வழியே இல்லாதவனை ஆயத்தப்படச் சொல்வானேன்? அடுத்த அதிகாரம் இதற்கு ஒளி தருகிறது. நன்மையைத் தேடி, வழக்குகள் தீர்க்கப்படும் நகர வாசலில் நியாயத்தை நிலைநிறுத்தினால், ஒருவேளை கர்த்தர் மீந்தவர்களுக்கு இரங்குவார் என்கிறார் ஆமோஸ் (5:14-15). அந்த ‘ஒருவேளை’ மலிவான உறுதியையும் தருவதில்லை. கதவையும் முற்றாக அடைப்பதில்லை. ஆயத்தம் என்பதன் உள்ளடக்கமும் இங்கேயே விளங்குகிறது: பலிபீடத்தில் மட்டுமன்று, நகர வாசலிலும் திரும்புதல்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை போன்ற அழிவுகள் நேரும்போது, இப்பேரிடர்ப் பட்டியலைக் காட்டி, மாண்டோரைப் பாவிகளெனத் தீர்க்கும் சோதனை அருளுரையாளருக்கு வருவதுண்டு. ஆமோஸ் பிறருடைய துன்பத்துக்கு விளக்கம் கூறவில்லை. ஆராதிக்க வந்திருந்தோரிடம் அவர்களுடைய வரலாற்றைக் குறித்தே பேசினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்டோர் மற்றவர்களைவிடப் பாவிகளல்லர் என்று நம் ஆண்டவரும் தெளிவுபடுத்தி, கேட்டுக்கொண்டிருந்தோரையே மனந்திரும்ப அழைத்தார் (லூக்கா 13:1-5).

ஆகவே இவ்வசனத்தின்பேரில் அருளுரை ஆற்றுவோர் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்தே தொடங்குவார்களாக. தனிமனிதரின் மனந்திரும்புதலை நாம் விலக்கவில்லை. இஸ்ரவேல் என்பது ஆட்களாலானதே. ஆனால் ஆயத்தமாகும்படி அழைக்கப்படுவது ஒரு சபை. நம் நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவு நிலவும் இடங்கள் இன்றும் உண்டு. அத்தகைய தோட்டத்தில் நின்று, இறந்தவரைக் காட்டி இருப்போரை ஆயத்தப்படச் சொல்லும் ஆயர், அங்குள்ள பிரிவைப் பற்றி வாய் திறவாது திரும்புவாராயின், ஆமோசின் வசனத்தை அவர் வாசித்தாரேயன்றிப் பிரசங்கிக்கவில்லை.