ஊர்ப்பெயரும் உரிமையும்

புலவர் தம் பெயரோடு ஊர்ப்பெயரை இணைத்து வழங்குதல் தமிழில் தொன்றுதொட்டு வரும் மரபாகும். கோவூர் கிழார், மாங்குடி மருதனார், பிசிராந்தையார் என்னும் பெயர்கள் சங்க நூல்களைக் கற்றோர் நன்கறிந்தவை. அவ்வூர்கள் அவர்க்கு உரியன அல்ல என்று மறுத்தாரில்லை. நிற்கும் நிலத்தில் ஓரடியும் தமதென்று சொல்லவியலாத மக்களிடைத் தோன்றிய ஒருவர் ஊர்ப்பெயர் பூணும்போதோ, அச்செயலின் பொருள் மிகவும் ஆழ்ந்ததாகிறது. தெளிவத்தை ஜோசப்பின் பெயர் அத்தகையது.

அவர் 1934ஆம் ஆண்டு பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். எல்ல, ஹாலி-எல, பதுளை எனத் தொடரும் மலைச்சரிவுகளில் தேயிலை வளர்த்தோர் அவருடைய மக்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. ஏறத்தாழ 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படுமென விடப்பட்டது. 'கூலி' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் பிறர் இகழ்ந்தனர். 'தோட்டக்காட்டான்' என இகழ்ந்தோர் தமிழருள்ளும் இருந்தனர்.

இந்நிலையில், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே ஜோசப் தம் பெயர்க்கு முன் வைத்தார். இழிவின் அடையாளமெனப் பிறர் கருதிய தோட்டம் அவர் பெயரின் முதற்சொல்லாயிற்று. அதிலுள்ள 'வத்தை' சிங்களச் சொல்வழி வந்தது. 'ஜோசப்' கிறித்தவப் பெயர். அவர் எழுதியது தமிழ். இவற்றுள் எதனையும் அவர் மறைத்திலர்.

1979ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. இது பாரதியாரின் சுதந்திரப் பள்ளினை நினைவூட்டும். எனினும், ஈற்றிலுள்ள ஏகாரம் சிந்தித்தற்குரியது. தேற்றமெனக் கொள்ளின் உரிமை முழக்கமாம். வினாவெனக் கொள்ளின் ஐயமும் வேதனையுமாம். விளியெனக் கொள்ளின் தம்மை ஏற்காத நாட்டை நோக்கிய அழைப்பாம். மூன்று பொருளும் ஒருங்கே நிற்பது அம்மக்களின் நிலைக்கு மிகப் பொருந்தும்.

'மலையக இலக்கியம்' எனப் பெயரிடுதல் எழுத்தாளனை ஒரு வட்டத்துள் அடைக்குமென்பார் உளர். பிறர் இட்ட எல்லையாயின் அஃது உண்மையே. தாமே வகுத்துக்கொண்ட இடமாயின், அது நின்று பேசுதற்குரிய மேடையாகும். ஜோசப் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'மலையகச் சிறுகதை வரலாறு' இதற்குச் சான்று. பெயர் மட்டும் இலக்கியமாகாது. பெயர்க்கேற்ற உழைப்பும் வேண்டும் என்பதை அந்நூல் காட்டுகிறது.

நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஜோசப் 2022ஆம் ஆண்டு மறைந்தார். சட்டம் அம்மக்களை ஏற்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, அம்மண்ணின் பெயரைத் தம் பெயராக்கி, தாம் யாரென்பதை அவர் எழுதி முடித்திருந்தார்.