ஒரு பாறை, இரண்டு தவங்கள்

மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் முன்னால் வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன கதை?" என்பதுதான். வழிகாட்டி "அர்ச்சுனன் தபசு" என்பார். கையில் வைத்திருக்கும் புத்தகம் "பகீரதன் தவம்" என்றும் சொல்லக்கூடும். கேட்டவர் இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, கடற்கரைக் கோயிலை நோக்கி நடந்துவிடுகிறார். சிற்பத்துக்கு ஒரு கதைப்பெயர் சூட்டி, அதையே விளக்கமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதனால் கிடைத்த நன்மைகள் உண்டு. ஆனால் கல்லில் உருவகத்தைக் காணும் பழக்கம் அதனால் வளரவில்லை என்பது என் எண்ணம்.

ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். நடுவில் ஓர் இயற்கைப் பிளவு; அதற்குள் கைகூப்பிய நாகர்கள். பிளவின் ஒரு பக்கம் ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய நிற்கும் தவசி. எதிரே வரம் தரும் கையுடன் நான்கு கரத்துச் சிவன். சுற்றிலும் தேவர்கள், கின்னரர், வேடர், மான், குரங்கு, யானைக் கூட்டம் என்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய இந்தப் பரப்பில் கதையைச் சொல்லும் கல்வெட்டு கிடையாது.

1914இல் விக்டர் கொலுபெவ் என்ற ஆய்வாளர் இது பகீரதன் தவத்தால் நிகழ்ந்த கங்கையின் இறக்கமே என்று வாதிட்டார். பிளவும் நாகர்களும் அவருக்குச் சான்று. பாறைக்கு மேலே நீர் தேக்கி, பிளவின் வழியே வழியவிட அமைப்பு இருந்ததற்கான தடயங்களும் அந்தக் கட்சிக்கு வலுவூட்டின. அர்ச்சுனன் கட்சிக்காரர்கள் வரம் தரும் கையைக் காட்டி, அது அர்ச்சுனன் தவமிருந்து வேண்டிய பாசுபதப் படையை அளிக்கும் கை என்றார்கள். இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. அர்ச்சுனன் தவத்தைச் சொல்லும் கிராதக் கதையின் உயிர், வேடனாக வந்த சிவனோடு ஒரு பன்றிக்காக நடந்த சண்டை. அந்தச் சண்டையும் பன்றியும் இங்கே இல்லை. பகீரதன் கதையின் உச்சம் கங்கையைச் சடையில் தாங்குவது; இங்கே கங்கை சிவனின் சடையில் விழவில்லை, தனியே நடுவில் இறங்குகிறாள்.

கதைப்பெயரை நம்புகிறவர்களைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் "அர்ச்சுனன் தபசு" இன்றும் நடக்கிறது. உயரமான தபசு மரத்தை நட்டு, அர்ச்சுனன் வேடம் கட்டிய கூத்துக்கலைஞர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். இந்தத் திருவிழாவில் வளர்ந்த ஒருவர் மாமல்லபுரத்துக்கு வந்து, கை உயர்த்திய தவசியை "அர்ச்சுனன்" என்று அடையாளம் காண்பது அறியாமையாகாது. தவத்தின் பயன் ஊருக்கும் பிள்ளையில்லாத வீட்டுக்கும் வந்து சேரும் என்ற பொருளையும் சேர்த்தே அவர் பார்க்கிறார். அந்தப் பொருள் புத்தகத்தில் கிடைக்காது. அப்பரும் சம்பந்தரும் பார்த்தனுக்குப் பாசுபதம் அருளிய சிவனையும் பாடினார்கள், கங்கையைச் சடையில் ஏற்ற சிவனையும் பாடினார்கள். ஆகவே சிற்பம் செதுக்கப்பட்ட அந்த 7ஆம் நூற்றாண்டிலேயே பார்வையாளன் நெஞ்சில் இரண்டு கதைகளும் இருந்தன.

அப்படியானால் இரண்டையும் சேர்த்தே செதுக்கினார்களா? அண்மைக்கால ஆய்வாளர்களில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 1994இல் பத்மா கைமல், இந்தப் பொருள்மயக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று எழுதினார். நம் மொழியில் இதற்குச் சிலேடை என்று பெயர். பல்லவர் அவையோடு தொடர்புடைய தண்டியின் அணியிலக்கணத்தில் சிலேடைக்கு இடமுண்டு. பின்னால் அது தமிழில் தண்டியலங்காரமாக வந்தது. கவிதையில் அவர்கள் பயின்றதைக் கல்லில் செய்து பார்க்கமாட்டார்களா என்பது நியாயமான கேள்வி.

இதற்கு மிக நல்ல சான்று திருச்சி மலைக்கோட்டையின் மேல்குகையில் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த அந்தக் குகையில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் ஒரு சுவர் முழுதும் நிற்கிறார். அருகிலேயே வடமொழிச் சுலோகங்கள். ஆறுகள்மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், "இவள் பல்லவனுக்கு உரியவள்" என்று சொல்லிக்கொண்டே இம்மலையில் வந்து தங்கிவிட்டாள் என்பது அவற்றில் ஒன்றின் கருத்து. சிற்பத்தில் இருப்பது கங்கை; சுலோகம் பேசுவது காவிரி. மலைக்குக் கீழே ஓடுவதும் காவிரி. பார்ப்பவன் மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும் என்று செதுக்கியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். பல்லவர் அவை உருவத்தை இரட்டைப் பொருளில் கையாண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனாலும் சிலேடை என்ற விளக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. செய்யுளில் சிலேடைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு சொல்லும் இரண்டு பொருளுக்கும் பொருந்தியாக வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு தோற்றது. கல்லில் அப்படி இலக்கணம் எதுவும் வகுக்கப்படவில்லை. யானையும் மானும் எந்தக் கதைக்கும் பொருந்தும். அதனால் விளக்குபவர் எதையும் சொல்லிவிட்டுச் சிலேடை என்று தப்பித்துக்கொள்ளலாம். தவசியும் சிவனும் இரண்டு கதைக்கும் உண்மையாகவே ஈடுகொடுக்கிறார்கள். நாகர்கள் கங்கைக்குப் பொருந்துவது போல அர்ச்சுனனுக்குப் பொருந்தவில்லை. இதை ஒப்புக்கொண்டு பேசுகிற சிலேடை விளக்கத்தையே நான் ஏற்பேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசர் சிற்பத்துக்கு நேர்ந்தது இந்த ஆபத்துதான். சிவன் தம் கையால் சண்டேசர் தலையில் மாலை சூட்டும் அந்த அற்புதமான வடிவத்தை, சோழ மன்னன் இராசேந்திரனுக்கு இறைவன் சூட்டிய வெற்றிமாலை என்று பலரும் உறுதியாகவே சொல்கிறார்கள். அழகான கருத்து. ஆனால் சண்டேசர் தந்தையின் காலை வெட்டியவர். தந்தை இராசராசனின் வழியைத் தொடர்ந்து அதேபோல் ஒரு பெருங்கோயில் எழுப்பிய மகன், தன்னைச் சண்டேசரோடு ஒப்பிட்டுக்கொள்வானா என்ற கேள்வியை அந்த விளக்கம் தொடுவதே இல்லை. சோழர் காலத்தில் கோயில் சொத்தும் கொடுக்கல் வாங்கலும் சண்டேசர் பெயரிலேயே நடந்தன. அன்றைய குடியானவனுக்குச் சண்டேசர் அரசனின் உருவகமாக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருச்சியில் சுலோகம் துணை நிற்கிறது. இங்கே ஊகம் மட்டுமே நிற்கிறது.

மாமல்லபுரத்துக்கே திரும்பினால், உருவகம் மிகச் சிறப்பாக அமைந்த இடம் தவசியும் சிவனும் அல்ல, யானைக்கு அருகே கை தூக்கி நிற்கும் பூனை. காலடியில் எலிகள். "உருத்திராட்சப் பூனை" என்று பேசிப் பழகிய தமிழர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, பார்த்ததும் சிரிப்பார்கள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், கங்கைக்கரையில் கை தூக்கி நின்று எலிகளை ஏமாற்றித் தின்ற பூனையின் கதையைத் துரியோதனன் தருமனைப் பழிக்கத் தூதுவன் வழியே சொல்லி அனுப்புகிறான். கதை பாரதத்தில் இருக்கிறது, ஆறு கங்கை! இரண்டு கட்சிக்கும் பூனை சாட்சி சொல்கிறது. சிவன் முன்னிலையில் பகை மறந்த பூனையும் எலியும் என்று பக்தியோடு பார்ப்பவர்களும் உண்டு. போலித் துறவிகளைக் கேலி செய்து மத்தவிலாசப் பிரகசனம் எழுதியவன் மகேந்திரவர்மன் என்பதை நினைத்தால், பொய்த்தவம் என்ற பொருளே எனக்கு வலுவாகப் படுகிறது. தெய்வம் நீங்கலான கருப்பொருளில் உள்ளுறை, அதாவது குறிப்பால் பொருள் உணர்த்தும் உவமை, பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்ததற்குக் கல்லில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. மெய்த்தவசியின் அதே நிலையில் பூனை நிற்பதால், அவன் தவத்தின் மெய்ம்மை இன்னும் கூடித் தெரிகிறது.

வழிகாட்டிகளிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கதைப்பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் தவசியின் கையையும் பூனையின் கையையும் காட்டி, பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். கல்லில் இருப்பது எது, நம் ஊகம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். திருச்சிக்குப் போகும் வாசகர்கள், குகைக்கு ஏறுமுன் அந்தச் சுலோகங்களின் தமிழாக்கத்தைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.