நூலுக்கும் எல்லைக் காவலோ?

கல்வி உலகப் பொது என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். ஆயின், அச்சு நூல்களை மின்னூல்களாக்கிப் பரப்புதற்கு எழுந்த ஒப்பந்தங்களை ஆராயுங்கால், அம்முழக்கம் எத்துணை மெய் என்னும் ஐயம் எழாமற் போகாது. அவற்றுள் தலையாய ஒன்றனை எடுத்து, அதன் குணமும் குற்றமும் நாடுவோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூகுள் நிறுவனம் ஐந்து பெரிய நூல்நிலையங்களுடன் உடன்பாடு கண்டது. வேலை ஒன்றே, ஏடுகளைப் படமெடுத்துக் கணினியிற் சேர்ப்பது. மிச்சிகன் பல்கலைக்கழகம் தன்பாலுள்ள ஏறத்தாழ 70 லட்சம் நூல்களையும் தர இசைந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டோ, உரிமைக் காலம் கழிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களோடு நின்றது. அமெரிக்காவிலும் தயங்கிய நூல்நிலையங்கள் உண்டு. எனினும், 'நியாயமான பயன்பாடு' என்று அந்நாட்டுச் சட்டம் வைத்துள்ள விரிந்த விலக்கு, மிச்சிகனுக்குத் துணிவளித்தது. ஆங்கில நாட்டுச் சட்டத்தில் அத்துணை இடமில்லை.

2005-இல் எழுத்தாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008-இல் இரு தரப்பாரும் ஒரு சமரசம் வரைந்தனர். விலகுவதாக அறிவியாதார் யாவரும் இசைந்தவராகவே கொள்ளப்படுவர் என்பது அதன் உயிர்நிலை. 1886-இன் பெர்ன் உடன்படிக்கையால் பிற நாட்டு நூல்களுக்கும் அமெரிக்காவில் உரிமை உண்டாகலின், சென்னையிலும் பினாங்கிலும் அச்சான நூல்களும் அவ்வலையில் வீழ்ந்தன. வாய் திறவாமையை இசைவென்று கொள்ளுதல் எந்நாட்டு நீதி? பிரான்சும் ஜெர்மனியும் மறுத்துரைத்தன. 2009 நவம்பரில் அச்சமரசம் சுருங்கியது. அமெரிக்காவில் பதிவானவையும், இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் வெளியானவையுமே எஞ்சின.

இத்திருத்தத்தால் குறை தீர்ந்தது என்பார் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. முன்னர்த் தமிழ் எழுத்தாளனைக் கேளாமலே உள்ளே இழுத்தனர். பின்னர்க் கேளாமலே வெளியே தள்ளினர். இரண்டிலும் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. 2011 மார்ச்சில் நீதிபதி டென்னி சின் அச்சமரசத்தை ஏற்க மறுத்து, முன்னிசைவு பெறும் முறையையே சுட்டியது பொருத்தமே. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நூலிற் சொல்லைத் தேடவும் சில வரிகள் காட்டவும் தடையில்லை என்றது. முழு நூலையும் வழங்க அத்தீர்ப்பு வழி திறக்கவில்லை.

நிற்க. சட்ட வேற்றுமையின் கொடுமையை மற்றொரு வழக்கு இன்னும் தெளிவாகக் காட்டும். அமெரிக்காவில் உரிமை நீங்கிய 18 ஜெர்மன் நூல்களைக் குட்டன்பர்க் திட்டம் இலவசமாக வழங்கிற்று. ஜெர்மனியிலோ ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டு உரிமை உண்டு. 2018-இல் பிராங்க்பர்ட் நீதிமன்றத் தீர்ப்பு வரவே, அத்திட்டத்தார் தம் நூலகம் முழுவதையும் ஜெர்மனிக்கு அடைத்தனர். 2021-இல் சமரசம் ஏற்படும் வரை அக்கதவு திறக்கவில்லை. பதினெட்டு நூல்களுக்காக ஒரு நாட்டு மக்கள் பல்லாயிரம் நூல்களை இழந்தனர்!

இஃது எங்கோ நிகழ்ந்த கதையன்று. நம் நாடுகளில் வாழ்ந்து 1960-இல் மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நூல், மலேசியாவில் 50 ஆண்டு விதியால் 2010-இன் இறுதியோடு பொதுவுடைமை ஆயிற்று. சிங்கப்பூரில் 70 ஆண்டு விதியால் 2030 முடியும் வரை காத்திருத்தல் வேண்டும். ஜொகூர் பாலத்தின் இக்கரையில் படிக்கத்தக்கது அக்கரையில் குற்றமாகும். இதற்கிடையே கரையானும் ஈரமும் எந்தச் சட்டத்தையும் பாரா.

முன்னிசைவு கேட்பது இயலாத செயல் என்பாரும் உளர். 2015-இல் சிங்கப்பூர்த் தமிழர் தேசிய நூலக வாரியத்தோடு கூடி, எழுத்தாளரிடம் இசைவு பெற்று, தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கியமை அதற்குத் தக்க விடை.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. ஒப்பந்தம் செய்வோர், எந்நாட்டார் எவ்வாண்டு முதல் படிக்கலாம் என்பதை ஒளிவின்றி எழுதுக. நம் எழுத்தாளர், தமக்குப்பின் உரிமை யாருக்கென்று நூலிலேயே குறித்து வைக்க. உரியவர் இன்னாரென்று தெரியாத நூலுக்கு இசைவு தருவார் எவருமிலர். அந்நூல் அலமாரியிலேயே மடியும். தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு எக்காலத்தும் எட்டாது.